ரஹ்முனியா

கீழே செவ்வாய்ச் சந்தையில் போய்க் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ரஹ்முனியா விதையை ஸ்பெயினிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் மடியில் கட்டிக்கொண்டு வந்தான் என்பான் ஒருவன். இல்லை, ஹாலந்தில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்துப் பார்த்து அனுப்பினார்கள் என்பான் இன்னொருவன். வாங்க வருகிறவர்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரியும். அந்தச் செடி பிறந்தது என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீர் ஏறாத ஒரு சரிவில். அதைக் கொண்டுவந்தவள் என் அடுத்த வீட்டுக்காரி ரஹ்முனா. யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இதுதான் நடந்தது.

என் பெயர் புஷ்தா. தஸ்ரூத் ஊரில் தேயிலை, சர்க்கரை, எரிவாயு சிலிண்டர் விற்கிற கடை என்னுடையது. கெத்தாமா மலையில் எல்லோருக்கும் இருப்பதுபோல எனக்கும் சரிவில் படிப்படியாக வெட்டிய நாலு வயல் உண்டு. அதில் கஞ்சாதான் போடுவேன். பார்லி போட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போது தாஞ்சியர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்கள்.

ரஹ்முனா இந்த ஊருக்கு மருமகளாக வந்தபோதே வலது மணிக்கட்டு கோணல். சின்ன வயதில் கோவேறு கழுதையிலிருந்து விழுந்து உடைந்த எலும்பு, கோணலாகவே கூடிவிட்டதாம். அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் செய்யாத வேலை இல்லை. பனிக்காலம் வந்தால் எங்கள் வீடுகளில் தட்டு வேலை. வாயகன்ற தட்டத்தின் மேல் மெல்லிய துணியை இறுக்கிக் கட்டி, காய்ந்த செடியை அதில் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, இரண்டு குச்சிகளால் தட்டுவோம். குளிரில் பிசின் மொறுமொறுவென்று உடைந்து, பொடியாகத் துணி வழியே இறங்கும். விதையும் சருகும் மேலே தங்கிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டுத் தாளம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தாலும் எது யார் வீடு என்று சொல்லிவிடலாம். ரஹ்முனாவின் தட்டு இரண்டு வேகமாக விழும். மூன்றாவது அந்தக் கோணல் கையால் சற்றுத் தாமதித்து விழும். அந்தத் தாமதத்தை வேறு யாராலும் கொண்டுவர முடியாது. என் மனைவி முயன்று பார்த்துச் சலித்துவிட்டாள்.

அவள் புருஷன் ஃபத்தூல் ஒரு காலத்தில் ஊரைச் சிரிக்க வைத்தவர். கல்யாண வீட்டில் அவர் இல்லாவிட்டால் அது கல்யாணமே இல்லை. ஒரு வசந்தத்தில் யாரோ கீழே போய்ப் போலீசில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. ஊரே பயிரிடுகிற இடத்தில் ஒருவர் பெயர் மட்டும் தாளில் ஏறினால் அவர் மட்டும் குற்றவாளி. அன்றிலிருந்து அவருக்குச் சந்தை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, அடையாள அட்டை இல்லை. ஊருக்கு மேலே தேவதாரு மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு கல் குடிசை போட்டுக்கொண்டார். அவரைப்போல இந்த மலை முழுக்க எத்தனையோ பேர். சிறைக்கும் போகாமல், வீட்டிலும் இல்லாமல், தலை நரைத்தவர்கள்.

அவர் எப்போது இறங்கி வரலாம் என்பதைச் சொன்னது ரஹ்முனாவின் தட்டு. சத்தம் கேட்டால் வரலாம். நின்றுவிட்டால் போலீஸ் ஜீப் மலை ஏறுகிறது, வரக் கூடாது. வீட்டில் இருக்கும்போது நின்றால் உடனே பின்கதவு வழியாக மேலே ஓட வேண்டும். வேலை இல்லாத மாதங்களிலும் அவள் வெறும் தட்டத்தை வைத்துக்கொண்டு தட்டுவாள். தெரியாதவர்கள் அவளுக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள்.

ஒரு தடவை கீழேயிருந்து ஒரு குரல் அவரைக் கூப்பிட்டது, “ஃபத்தூல், உங்க அம்மா போய்ட்டாங்க, சீக்கிரம் வா” என்று. நன்றாகத் தெரிந்த குரல். அவர் பாதி வழி வந்துவிட்டார். ஆனால் தட்டு கேட்கவில்லையே என்று ஒரு பாறைக்குப் பின்னால் நின்றார். அவருடைய அம்மா அந்த நேரம் கொல்லையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் வளைவில் ஜீப் நின்றிருந்தது. அதற்குப் பிறகு அவர் மனிதக் குரல் எதையும் நம்பவில்லை.

அப்படி வாழ்கிறவனுக்குத் தூக்கம் எங்கே இருந்து வரும்? எங்கள் நாட்டுச் செடியை நறுக்கிப் புகையிலையோடு கலந்து, செப்ஸி என்கிற நீளக் குழலில் ஒரு சிட்டிகை போட்டுப் பிடிப்பார். அதில் பெரிய வேகம் எதுவும் கிடையாது. காட்டுப் புதினா வாசம் வரும், தோள் இறங்கும், அவ்வளவுதான். அது போதும் அவருக்கு.

பிறகுதான் சீமை விதை வந்தது. நாட்டுச் செடி ஒரு மூட்டை தட்டினால் கிடைக்கிற பொடிக்கு மூன்று பங்கு பொடி கொடுக்கும் குட்டைச் செடி. எலுமிச்சையும் பெட்ரோலும் கலந்த வாடை. எங்களுக்கு அது பிடித்ததோ இல்லையோ, வாங்குகிறவனுக்குப் பிடித்தது. குடம் குடமாகத் தண்ணீர் கேட்டது. ஊரில் கிணறு தோண்டினார்கள், குட்டை வெட்டினார்கள், கறுப்புக் குழாய் போட்டு ஆளுக்கு ஒரு முறை என்று தண்ணீர் பங்கிட்டார்கள். நாட்டுச் செடி வருஷத்துக்கு வருஷம் மேட்டுக்கு ஏறி, கடைசியில் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

ஃபத்தூலும் அதைப் பிடித்தார். வேறு கிடைக்கவில்லை. அது அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு அடித்தது. தூரத்தில் மரம் அசைந்தால் ஜீப், ஆடு கத்தினால் ஜீப். ஒரு பனி நாளில் வராத ஜீப்புக்குப் பயந்து வெறுங்காலோடு காட்டுக்குள் ஓடி, மறுநாள் திரும்பினார். இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப் போய், பின்னால் உதிர்ந்தே விட்டன. பிடிக்காமல் இருந்தாலும் தூக்கம் இல்லை, பிடித்தாலும் தூக்கம் இல்லை. “இன்னொரு பனிக்காலம் தாங்க மாட்டாரு, புஷ்தா” என்றாள் ரஹ்முனா என் கடையில் சர்க்கரை வாங்கும்போது. அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த வருஷம்தான் ஊர் ஒரு கட்டுப்பாடு போட்டது. ஹாஜி ஹமாதி முன்னால் நின்றார். அவர்தான் அதிகமாகச் சீமை விதை வாங்கியவர். நாட்டுச் செடியில் ஆணும் இருக்கும், பெண்ணும் இருக்கும். ஆண் பூ வெடித்துத் தூள் பறந்தால் சீமைச் செடியெல்லாம் விதை பிடித்துவிடும், விலை பாதியாகிவிடும். ஆகவே தஸ்ரூத்தில் யாரும் நாட்டு விதை போடக் கூடாது. விதைப்புக் காலம் முடிந்ததும் ஏப்ரலில் ஆட்கள் வயல் வயலாகப் போய்ப் பார்த்தார்கள். ரஹ்முனாவின் வயலிலும் சீமைச் செடிதான் முளைத்திருந்தது. நல்ல பெண் என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

நல்ல பெண் அடுப்புக்கு மேலே ஒரு சுரைக் குடுவையில் பழைய நாட்டு விதையை ஒளித்து வைத்திருந்தாள். பார்வையெல்லாம் முடிந்த பிறகு, மே மாதம் பாதியில், வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தியில் போட்டாள். ஊர் செய்த கூத்து இங்கேதான் இருக்கிறது. வழக்கம்போல பிப்ரவரியில் போட்டிருந்தால், சீமைச் செடி பூக்கும் முன்னே நாட்டுச் செடியின் ஆண் பூ எல்லாம் கொட்டி முடிந்திருக்கும், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. தடை போட்டதால் அவள் தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டதால் இரண்டும் ஒரே நேரத்தில் பூத்தன.

ஆகஸ்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹமாதியோடு ஏழெட்டுப் பேர் போனோம். நானும்தான். அவள் பாத்திக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன காரியம் பண்ணியிருக்கே, தெரியுதா உனக்கு?” என்றார் ஹமாதி.

“என் புருஷனுக்கு மருந்து போட்டிருக்கேன் ஹாஜி.”

“பொண்ணுச் செடியை வெச்சுக்கோ. ஆணை எல்லாம் பிடுங்கு.”

“இந்த ஊர் ஆம்பளைங்கள்ல பாதிப் பேரை மலை மேல துரத்தியாச்சு. செடியிலயாவது நாலு ஆம்பளை வீட்டோட இருக்கட்டுமே.”

பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். ஹமாதி சிரிக்கவில்லை. “உன் நாக்குக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஆனா ஊர் நஷ்டத்தை உன் நாக்கு கட்டுமா?” என்றபடி அவரே குனிந்து முதல் செடியைப் பிடுங்கினார். வெயிலில் மஞ்சள் தூள் புகையாகக் கிளம்பி, அவருடைய தாடியிலும் என் சட்டையிலும் படிந்து, காற்றோடு கீழே இறங்கியது. பிடுங்காமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு பறந்திருக்காது.

அந்த அறுவடையில் எந்த வீட்டில் தட்டினாலும் விதை. வாங்க வந்தவன் மூக்கைச் சுளித்து, தான் சொன்ன விலைக்குத்தான் எடுத்தான். எனக்கும் அடிதான். ஒரு மாதம் அவளோடு நான் பேசவில்லை. யாரும் அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை, அந்த அளவுக்கு நாங்கள் இறங்கவில்லை. ஆனால் கூடிப் பேசி அவளுடைய தண்ணீர் முறையை நிறுத்தினார்கள். கறுப்புக் குழாய் அவள் வரப்பு வரை வந்து, அங்கே கட்டையால் அடைபட்டு நின்றது.

அவள் அழுது கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தோம். அவளோ ஒரு கோணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். தட்டிய பிறகு துணி மேல் தங்கும் விதையைக் கோழிக்குத்தான் போடுவோம்.

“கோழிக்குப் போடுறதை எனக்குப் போடுங்க” என்றாள்.

“எதுக்கு அண்ணி? கிழக்கயும் மேற்கயும் சேராத விதை அது. என்ன முளைக்கும்னு யாருக்குத் தெரியும்?” என்றேன்.

“எனக்கும் தெரியாது. தண்ணி இல்லாதவளுக்கு எது முளைச்சா என்ன. நிக்கிறது நிக்கட்டும்.”

வசந்தத்தில் அந்தக் கோணியை அப்படியே தன் காய்ந்த சரிவில் இறைத்தாள். மழை பெய்தால் குடி, இல்லாவிட்டால் போ என்று விட்டுவிட்டாள். ஜூலையில் பார்த்தபோது முக்கால்வாசி கருகிக் கிடந்தது. ஊர் கைகொட்டிச் சிரித்தது. மிச்சம் நின்றவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று தாய்போல் குட்டை, ஒன்று தகப்பன்போல் நெட்டை, ஒன்று இரண்டிலும் சேராமல் ஊதா இலையோடு. அவள் தினமும் போய் ஒவ்வொரு பூவையும் விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பாள். பெட்ரோல் வாடை வந்தால் பிடுங்கி எறிவாள். வாசம் பிடித்ததன் தண்டில் ஒரு நூல் கட்டுவாள். காய்ந்த பிறகு அதை நறுக்கி மேலே குடிசைக்குக் கொண்டுபோவாள். சோதனைச் சாலை, ஃபத்தூலின் காது: பிடித்த பிறகு வராத ஜீப் அதில் கேட்கிறதா, இல்லையா.

இப்படி நாலைந்து அறுவடை போனது. பல விதை வீண். ஒன்றைப் பிடித்துவிட்டு அவர் இரண்டு நாள் குடிசைக்குள்ளேயே வராமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒன்று தலைவலி கொடுத்தது. ஒன்று ஒன்றுமே செய்யவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும் அந்த நூலை அறுத்து எறிந்துவிட்டு, அடுத்த செடிக்குப் போனாள்.

ஒரு இலையுதிர் காலத்துப் பிற்பகலில் நானும் கூட இருந்தேன். அவருக்குத் தேயிலையும் ஒரு சிலிண்டரும் கொண்டுபோயிருந்தேன். ரஹ்முனா செப்ஸியில் ஒரு சிட்டிகை வைத்து நீட்டினாள். சீமைச் செடியின் பருத்த பூ, நாட்டுச் செடியின் மெல்லிய இலை. பிசின் விரலில் ஒட்டி விட மறுத்தது.

ஃபத்தூல் இழுத்தார். மெல்ல விட்டார்.

“எப்படி இருக்கு?”

“முதல்ல புதினா. அப்புறம் வாயெல்லாம் வெடிச்ச அத்திப்பழம். தொண்டையில கொஞ்சம் மிளகு.”

“வாயை யாரு கேட்டா? காது என்ன சொல்லுது?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கீழ்ச் சரிவுப் பக்கம் திருப்பினார். நாங்கள் காத்திருந்தோம். எனக்கும் ஒரு இழுப்புக் கொடுத்திருந்தார்கள். நெற்றி திறந்துகொண்டது போல இருந்தது, அப்புறம் கைகால் எல்லாம் மடியில் வந்து படுத்துக்கொண்டன. நெஞ்சு அதன் பாட்டுக்கு நிதானமாக இருந்தது.

“காத்து” என்றார் அவர் கடைசியில்.

“காத்து மட்டுமா?”

“காத்து மட்டும்தான் ரஹ்முனா.”

சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். ரஹ்முனா தலைத்துணியின் ஓரத்தை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் கேட்டால் அவர் விழித்துவிடுவார் என்று. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் மறுநாள் சூரியன் ஏறிய பிறகுதான் எழுந்தார்.

அப்புறம் வறட்சி. இரண்டு வருஷம் பனியும் இல்லை, மழையும் இல்லை. கிணறு சேறாகி, பிறகு வெறும் கல்லாகியது. கறுப்புக் குழாயில் காற்றுதான் வந்தது. சீமைச் செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு செத்தன. மலை முழுக்கப் பழுப்பாகக் கிடக்க, தண்ணீர் நிறுத்தப்பட்டவளின் சரிவு மட்டும் பச்சையாக நின்றது. குழாய்த் தண்ணீரைப் பார்க்காமலே வளர்ந்த கூட்டம் அது. அதற்கு வறட்சி என்றால் என்னவென்றே தெரியாது.

ஹமாதி வந்தார். வாசலில் நின்று, “லல்லா ரஹ்முனா” என்று கூப்பிட்டார். மரியாதைக்குரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“வாங்க ஹாஜி. ஏதாவது பிடுங்கணுமா?”

“குத்திக் காட்டாதே. விதை வேணும்.”

அவள் இழுத்தடிக்கவில்லை. குடுவையைக் கொண்டுவந்து கொட்டினாள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வயலுக்கு நாலு ஆணாவது நிற்க வேண்டும், அடுத்த வருஷத்து விதைக்கு யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது. ஹமாதி தலையாட்டினார். அதற்கு ரஹ்முனியா என்று பெயர் வைத்தவரும் அவர்தான். மனிதர் அந்த ஒரு விஷயத்தில் நியாயமாக நடந்துகொண்டார்.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் ஆகஸ்டில் அரச மன்னிப்பு வந்தது. பெயர் தாளில் ஏறிய பயிர்க்காரர்கள் எல்லோருக்கும் விடுதலை. வானொலியில் சொன்னதை நம்பாமல், கீழே ஆள் அனுப்பிக் கேட்டுவந்தோம். ஃபத்தூலின் பெயரும் அதில் இருந்தது. வெள்ளைத் தாடியோடு, விரல் உதிர்ந்த காலை இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில் பள்ளிவாசல் வழியாக அவர் நடந்து வந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். அவர் கையை உயர்த்திப் பதில் சொல்லவும் மறந்து, வளைவையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்துவிட்டாரே தவிர, காது மட்டும் மலை மேலேயே இருந்தது. ரஹ்முனா கை மரத்துப்போய்க் குச்சியைக் கீழே வைத்தால் போதும், இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு பின்கதவுக்குப் போய்விடுவார். “நான்தான், ஒண்ணுமில்ல, கை வலிக்குது, வந்து உக்காருங்க” என்று அவள் குரல் கொடுத்தால் நிற்க மாட்டார். மறுபடி தட்டினால்தான் திரும்பி வருவார். பிறகு அவள் ஒரு கையை உதறிக்கொள்ளும்போது மறு கையால் தட்டப் பழகிக்கொண்டாள். “மன்னிப்பு எல்லாருக்கும் வந்துச்சு புஷ்தா, என் கைக்குத்தான் வரல” என்றாள் ஒரு நாள். நான் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

இந்த ஜனவரியில், ஊர் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்த ஒரு காலையில், நான் கடையில் பருப்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று மூன்றாவது விழவில்லை. விழும் என்று கரண்டியைப் பிடித்தபடி இருந்தேன். விழவில்லை.

ஓடிப்போய் அவள் வீட்டுக்குள் பார்த்தபோது ரஹ்முனா தட்டத்தின் மேல் கவிழ்ந்திருந்தாள். கன்னத்தில் அந்தப் பொன்னிறப் பொடி ஒட்டியிருந்தது. அறையெல்லாம் புதினாவும் அத்தியும் மணத்தது. கை இன்னும் சூடாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சு இல்லை. அடுத்த அறையில் ஃபத்தூலின் தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. பனியில் கால் தடம் மேலே போயிருந்தது. அவர் இந்த அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் பார்க்காமல் ஓடத்தானே பழகியிருந்தார்.

நான் மூச்சு வாங்க மேலே ஏறினேன். குடிசைக் கதவு உள்ளே தாழ்.

“ஃபத்தூல் அண்ணே. அண்ணி போய்ட்டாங்க. கீழ வாங்க.”

கால் இழுபடும் சத்தம் கதவருகே வந்தது. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: “உன்னையும் ஜீப்ல கூட்டிட்டு வந்துட்டாங்களா, புஷ்தா?”

நான் சத்தியம் செய்தேன். கெஞ்சினேன். கதவைக் காலால் உதைத்தேன். அவர் திறக்கவில்லை. அம்மா செத்துவிட்டாள் என்று கூப்பிட்ட குரலும் தெரிந்த குரல்தானே.

மத்தியானத்துக்கு, பக்கத்து மலையில் கட்டிக்கொடுத்திருந்த அவள் மகள் ஸ்ஃபியா வந்து சேர்ந்தாள். பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திவிட்டார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். புருஷன் முகம் பார்க்காமல் எப்படி எடுப்பது? நான் நடந்ததைச் சொன்னேன். ஸ்ஃபியா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவின் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காலையில் விட்ட செடி அப்படியே துணி மேல் இருந்தது. குச்சியை எடுத்தாள்.

“மய்யித்து வீட்ல தட்டுறதா?” என்று பெரியவர்களில் ஒருவர் ஆரம்பித்தார்.

“உங்க வாயை மூடுங்க” என்றார் ஹாஜி ஹமாதி. “நீ தட்டு மகளே.”

இரண்டு வேகமாக. மூன்றாவதைத் தாமதிக்க அவள் கையை அந்தரத்தில் பிடித்துப் பார்த்தாள், அம்மா மாதிரி வரவில்லை. நல்ல கை அது, ஒழுங்காகத்தான் விழும். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள். கண்ணீர் பிளாஸ்டிக் தாளில் சொட்டியது. முற்றத்தில் இருந்த யாரும் அசையவில்லை. ஜனாஸா எடுக்க வந்தவர்கள் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் வந்தார். மெதுவாக, விரல் உதிர்ந்த காலைப் பனியில் ஊன்றி ஊன்றி. வழியில் ஒரு பாறை அருகே ரொம்ப நேரம் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. முற்றத்துக்கு வந்து, ஸ்ஃபியாவின் கையிலிருந்து குச்சிகளை வாங்கிக் கீழே வைத்தார்.

“பாதி வழியிலயே தெரிஞ்சுபோச்சும்மா” என்றார். “மூணாவது தட்டு அவளோடது இல்ல. புஷ்தா சொன்னது பொய் இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது.”

பிறகு உள்ளே போய் அவள் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்தார்.